வீட்டில் பிளெண்டரில் பானங்கள் தயாரித்தல்: யாழ்ப்பாணத்துச் சமையலறைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் இன்று அநேகமான வீடுகளில் ஒரு பிளெண்டர் இருக்கிறது. சில வீடுகளுக்கு அது கலியாணப் பரிசாக வந்தது. சில வீடுகளுக்கு வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்த உறவினரின் பெட்டிக்குள் வந்தது. ஆனால் பல வீடுகளில் அது சித்திரை, வைகாசி வெயிலில் மட்டும் வெளியே எடுக்கப்பட்டு, மற்றக் காலங்களில் அலுமாரியின் மேல்தட்டிலேயே கிடக்கிறது. அயலவர்களும் உறவினர்களும் இக்கருவியைப் பற்றி என்னிடம் கேட்டு வந்த கேள்விகளையும், வீட்டில் செய்து பார்த்தும் படித்தும் நான் அறிந்த பதில்களையும் இங்கே எழுதுகிறேன். பழத்தின் சதையையும் நாரையும் எறிந்துவிடாமல் முழுமையாகக் குடிக்க வழி செய்வதே இக்கருவியின் பெரும் பயன் என்பது என் எண்ணம். கீழே வரும் பதில்களில் பலவற்றில் அந்த எண்ணத்தைக் காண்பீர்கள்.

வீட்டில் சம்பலும் மாவும் அரைக்கும் இந்தியக் கிரைண்டர் இருக்கும்போது, பானத்துக்கென்று தனியாகப் பிளெண்டர் வேண்டுமா?

இரண்டும் வெவ்வேறு தேவைக்காகப் பிறந்தவை. பிளெண்டர் அமெரிக்காவின் குளிர்பானக் கடைகளுக்காக உருவானது. ஸ்டீபன் போப்லாவ்ஸ்கி என்பவர் பாத்திரத்தின் அடியில் சுழலும் கத்தியை வைத்த கலக்கிக்கு 1920களில் காப்புரிமை பெற்றார். 1937இல் வெளிவந்து, பின்னர் வேரிங் என்ற பெயர் பெற்ற கருவிதான் அதைப் பரவலாக அறியச் செய்தது. நீர் தாராளமாக உள்ள பொருளை மேலிருந்து கீழாகச் சுழற்றி இழுப்பதற்கு ஏற்றபடி அதன் ஜக் உயரமாகவும் அடிப்பகுதி ஒடுங்கியும் இருக்கும். தேங்காய்ப்பூவும் செத்தல் மிளகாயும் ஊறிய உழுந்தும் அதற்குள் ஒட்டிக்கொண்டு சுழலாமல் நிற்க, மோட்டர் சூடாகிவிடும். இந்தியச் சமையலின் கெட்டியான அரைப்பைத் தாங்கும் மோட்டரும் தட்டையான உலோகச் சாடிகளும் கொண்ட கருவிகள் 1960களில் இந்தியாவில் சுமீத் என்ற பெயரில் வரத் தொடங்கியதன் காரணமும் அதுதான்.

ஆகவே கிரைண்டர் உள்ள வீட்டில் பானம் தயாரிக்கப் புதிய கருவி அவசியமில்லை. ஆனால் ஒரு சாடியைப் பானத்துக்கு மட்டுமென்று ஒதுக்கி வைத்தே ஆகவேண்டும். வெங்காயமும் உள்ளியும் அரைத்த சாடியை எவ்வளவு கழுவினாலும் அதன் மணம் மூடியின் ரப்பர் வளையத்தில் தங்கிவிடும். அதே சாடியில் அடித்த மாம்பழப் பாலை வீட்டுக்கு வந்தவருக்குக் கொடுக்க மனம் வராது. பிளெண்டர் மட்டும் வைத்திருப்பவர்கள் அதில் சம்பல் அரைக்க முயலக்கூடாது. அம்மி இருக்கும் வீட்டில் அந்த வேலையை அம்மிக்கே விட்டுவிடலாம்.

கனடாவிலிருந்து மாமா கொண்டுவந்து தந்த பிளெண்டரை இங்கே செருகலாமா?

நேரடியாகச் செருகக்கூடாது. என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். காலம் பிந்திக் கேட்கப்படுவதும் இதுதான். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இலங்கையில் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அங்கே பாவிப்பதற்கென்று செய்யப்பட்ட கருவிக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு வோல்ட் கிடைத்தால் அதன் மோட்டர் சில வினாடிகளிலேயே கருகிப் போகும். செருகியின் முனைகளை மாற்றித் தரும் சிறிய அடப்டர் வோல்டைக் குறைக்காது என்பதைப் பலர் அறியாமல் இருக்கிறார்கள். வோல்டைக் குறைப்பதற்கு டிரான்ஸ்போமர் வேண்டும். அதன் கொள்ளளவு பிளெண்டரின் வாட் அளவைப்போல் ஒன்றரை மடங்காவது இருக்கவேண்டும், ஏனெனில் மோட்டர் சுழலத் தொடங்கும் கணத்தில் வழமையைவிடக் கூடுதலான மின்சாரத்தை இழுக்கும். பெரிய டிரான்ஸ்போமர் வாங்கும் செலவுக்கு இங்கேயே ஒரு சாதாரண பிளெண்டரை வாங்கிவிடலாம் என்பதையும் கணக்குப் பார்க்கவேண்டும்.

லண்டன், பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ் ஆகிய இடங்களிலிருந்து வரும் கருவிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அங்கும் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் தான். லண்டனிலிருந்து வருபவற்றின் சதுர முனைச் செருகி நமது 13 அம்பியர் துளைகளுக்கு அப்படியே பொருந்தும். மற்றவற்றுக்கு நல்ல அடப்டர் ஒன்று போதும். எதுவாயினும், கருவியின் அடியில் ஒட்டியுள்ள தகட்டில் வோல்ட் எவ்வளவு என்று எழுதியிருப்பதைப் படித்த பின்னரே செருகுங்கள்.

எத்தனை வாட் வேண்டும்? மின்கட்டணம் கூடுமா?

பழமும் பாலும் அடிப்பதற்கு 350 வாட் போதும். ஐஸ் கட்டியும் உறைந்த பழமும் அடிக்கவேண்டுமாயின் 500 வாட்டுக்குக் குறையாமல் பார்த்து வாங்குவது நல்லது. கட்டணத்தைப் பற்றிப் பயப்படவேண்டியதில்லை. 500 வாட் கருவியை ஒவ்வொரு முறையும் 2 நிமிடம் ஓடவிட்டால், 60 தடவை பானம் அடித்த பின்னர்தான் 1 அலகு மின்சாரம் செலவாகும்.

எதை முதலில் போடவேண்டும்? சில வேளைகளில் கத்தி சுழல்கிறது, ஆனால் பழம் அசைவதில்லை. ஏன்?

முதலில் நீர், பால், தயிர் போன்ற திரவம். அதன் மேல் மெதுவான பழம். கடைசியாக, எல்லாவற்றுக்கும் மேலே ஐஸும் உறைந்த துண்டுகளும். இந்த ஒழுங்கில் போட்டால் கத்தி முதலில் திரவத்தைப் பிடித்துச் சுழற்றும். அந்தச் சுழலின் நடுவில் உண்டாகும் குழி மேலே உள்ளவற்றை ஒவ்வொன்றாகக் கீழே இழுக்கும். உறைந்த துண்டுகள் அடியில் கிடந்தால் கத்தியைச் சுற்றி வெறும் காற்றுக் குமிழ் ஒன்று உண்டாகிவிடும். கத்தி அந்தக் காற்றுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்க, பழம் மேலே அசையாமல் நிற்கும். ஒலி திடீரென்று மெலிந்து உயர்ந்தால் இதுதான் நடக்கிறது என்று அறிந்துகொள்ளலாம். உடனே நிறுத்தி, செருகியைக் கழற்றி, நீண்ட அகப்பைக்காம்பால் கிளறிவிட்டு, கால் கிளாஸ் அளவு திரவம் சேர்த்து மீண்டும் ஓடவிடுங்கள். கத்தி சுற்றும்போது கரண்டியை உள்ளே விடுவது எந்த நிலையிலும் கூடாது.

ஜக்கை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பவேண்டாம். தொடர்ந்து ஒரு நிமிடம் ஓடவிட்டால், அடுத்த ஒரு நிமிடம் ஓய்வு கொடுங்கள்.

பப்பாப்பழத்தைப் பாலுடன் அடித்து வைத்தால் சிறிது நேரத்தில் கசக்கிறது. பால் பழுதா?

பால் பழுதில்லை. பப்பாப்பழத்தில் பபெயின் என்ற நொதியம் இருக்கிறது; இறைச்சிக் கறிக்கு ஒரு துண்டு பப்பாக்காய் போட்டால் இறைச்சி விரைவில் மெதுவாகும் என்று அம்மம்மா காலத்திலிருந்து நாம் அறிந்தது இதே நொதியத்தின் வேலையைத்தான். அது பாலிலுள்ள கேசீன் என்ற புரதத்தையும் துண்டு துண்டாக வெட்டும். அவ்வாறு பிறக்கும் சிறு துண்டுகளிற் சில கசப்புச் சுவை உடையவை. அன்னாசிப்பழத்தில் உள்ள புரோமலெயினும் இதையே செய்கிறது. அடித்த கையோடு குடித்தால் கசப்புத் தெரியாது. 20 நிமிடம் வைத்தாலே நாக்கு உணரத் தொடங்கிவிடும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் கசப்பது தாமதமாகும், நிற்காது. பழத்தை உறையவைத்தாலும் நொதியம் அழியாது. வெப்பந்தான் அதை அழிக்கும். ஆகவே அன்னாசித் துண்டுகளை ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, நன்றாக ஆறவிட்டுப் பாலுடன் அடிக்கலாம். பப்பாப்பழத்தைக் கொதிக்கவைத்தால் அதன் வாசனை கெடுவதால், நான் அதைப் பாலுடன் சேர்ப்பதையே விட்டுவிட்டேன். பழுத்த பப்பாப்பழத்துடன் அரைத் தேசிக்காயின் புளியும் குளிர்ந்த நீரும் சேர்த்து அடித்தால், பால் இல்லாத குறையே தெரியாது.

தேசிப்புளியோ தோடம்பழச் சாறோ பாலுடன் சேரும்போது பால் திரைவது வேறு காரணத்தால். அங்கே வேலை செய்வது நொதியமன்று, அமிலம். புளிப்புக் கூடும்போது கேசீன் ஒன்றுசேர்ந்து கட்டியாகிறது. தோடம்பழத்துக்குத் துணை வேண்டுமென்றால் தயிரைச் சேருங்கள். அது ஏற்கெனவே உறைந்தது ஆகையால் திரைந்த தோற்றம் வராது.

வாழைப்பழப் பானம் கறுத்துப் போகாமல் இருக்க என்ன செய்யலாம்?

வெட்டுப்பட்ட வாழைப்பழம் காற்றுப் பட்டவுடன் நிறம் மாறுவதும் ஒரு நொதியத்தின் வேலையே. சில துளி தேசிப்புளி அதைத் தாமதிக்கும். நீர்வேலிப் பக்கத்து இதரைப்பழமோ கப்பல் பழமோ நன்றாகக் கனிந்து தோலில் புள்ளி விழுந்த நிலையில் இருந்தால் சீனியே தேவைப்படாது. அத்தகைய பழங்களைத் தோலுரித்து, துண்டாக்கி, உறையவைத்துக்கொண்டால் ஐஸ் இல்லாமலே குளிர்ந்த, தடித்த பானம் கிடைக்கும்.

எந்த மாம்பழம் பானத்துக்கு நல்லது?

கறுத்தக் கொழும்பானைப் பிளெண்டருக்குள் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. சாவகச்சேரிச் சந்தையில் தெரிவு செய்து வாங்கி, வைக்கோலுக்குள் பழுக்கவைத்து, தோலைச் சீவி, சாறு முழங்கையால் வழியக் கொட்டை வரை சூப்பிச் சாப்பிடவேண்டிய பழம் அது. ஆனால் பருவத்தில் ஒரே நாளில் பத்துப் பழம் கனிந்துவிடும். சில பழங்கள் விழுந்து ஒரு பக்கம் நைந்திருக்கும். அவற்றின் நல்ல பகுதியை வெட்டி அடிப்பது பழத்துக்கும் மரியாதை, மரத்துக்கும் மரியாதை. புளித்த மணம் வந்துவிட்ட பகுதியை மட்டும் தயங்காமல் எறியவேண்டும். நார் அதிகமான மாம்பழமாயின், அடித்த பின் வடியில் ஒரு முறை அரித்துக்கொள்ளலாம். அம்பலவியும் விலாட்டும் நன்றாகக் கனிந்திருந்தால் அதற்கும் தேவை இருக்காது. ஒரு பெரிய பழத்துக்கு ஒரு கிளாஸ் குளிர்ந்த பாலும் ஒரு சிட்டிகை உப்பும் போதும். உப்பு இனிப்பை எடுத்துக் காட்டுவதால் சீனி வேண்டாமற் போகும்.

நுங்கு, பனம்பழம், விளாம்பழம், அன்னமுன்னா ஆகியவற்றையும் அடிக்கலாமா?

ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு. நுங்கை முழுவதும் அடித்தால் அது வெறும் நீராகிவிடும். நுங்கின் இன்பமே அந்த வழுவழுப்பில் இருப்பதால், பாதியை இளநீருடனும் இளநீரின் வழுக்கையுடனும் சேர்த்து அடித்து, மறுபாதியைச் சிறு துண்டுகளாக நறுக்கி மேலே போடுவதே சிறந்தது. இதற்குச் சீனி சேர்ப்பது இளநீரை அவமதிப்பதாகும்.

பனம்பழத்தைப் பிளெண்டருக்குள் போடவே கூடாது. அதன் தும்புகள் கத்தியின் அச்சில் சுற்றிக்கொண்டு மோட்டரை நிறுத்திவிடும். சுட்ட பனம்பழத்தைக் கையாற் பினைந்து, பனங்களியைத் துணியில் வடித்தெடுக்கும் பழைய முறைக்கு இன்னும் மாற்று வரவில்லை. வடித்த களியைப் பிறகு பாலுடன் அடிக்கலாம். ஆனால் அதிலுள்ள இயல்பான கசப்பு எல்லாருக்கும் பிடிப்பதில்லை.

விளாம்பழம் இக்கருவிக்கு மிகவும் ஏற்றது, ஒரு நிபந்தனையுடன். சதையை முதலில் நீரில் கையாற் கரைத்து, அரிதட்டில் விதையையும் கோதையும் நீக்கிவிடவேண்டும். விதையோடு அடித்தால் அவை உடைந்து பானம் மணல் மணலாகவும் துவர்ப்பாகவும் மாறும். வடித்த கூழுடன் தேங்காய்ப்பாலும் சிறு துண்டு பனங்கட்டியும் சேர்த்து அரை நிமிடம் சுழற்றினால், வெயிலுக்கு இதைவிடச் சிறந்த பானம் ஒன்றை நான் அறியேன். கொடித்தோடைக்கும் இதே விதிதான்: விதை உடையாதபடி இரண்டு மூன்று முறை விட்டுவிட்டு அமுக்கி, பின் வடிக்கவேண்டும்.

அன்னமுன்னாவில் கவனம் மிக அவசியம். அதன் விதை நச்சுத்தன்மை உடையது. முழு விதை தவறி வயிற்றுக்குள் போனால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும், ஆனால் பிளெண்டரில் உடைந்து பானத்தோடு கலந்தால் ஆபத்து. கடைசி விதை வரை எண்ணி எடுத்த பின்னரே சதையை ஜக்கில் போடுங்கள்.

மோரைப் பிளெண்டரில் அடிக்கலாமா?

அடிக்கலாம், ஆனால் பத்து வினாடிக்கு மேல் வேண்டாம். தயிரில் கொழுப்பு இருப்பதால் அதிக நேரம் அடித்தால் வெண்ணெய் திரண்டு மேலே மிதக்கும். மத்து செய்யும் வேலையையே கத்தியும் செய்கிறது. தயிரையும் நீரையும் உப்பையும் மட்டும் சுழற்றிவிட்டு, பச்சைமிளகாய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை ஆகியவற்றைக் கையால் அரிந்து கடைசியில் சேருங்கள். அவற்றையும் கத்திக்குக் கொடுத்தால் மோர் பச்சை நிறமாகி வெங்காயத்தின் காரம் ஏறிவிடும். நல்லூர்த் திருவிழாக் காலத்துத் தண்ணீர்ப் பந்தல்களில் அண்டாவில் கையால் கலக்கப்படும் மோருக்கு இருக்கும் சுவை இந்த அரிதலில் இருந்தே வருகிறது என்று நான் நினைக்கிறேன்.

இலைக்கஞ்சிக்கு இலைகளை அரைக்கப் பிளெண்டர் உதவுமா?

மிகவும் உதவும். வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் இலைக்கஞ்சி வைப்பதைக் கைவிட்டதற்கு ஒரே காரணம் இலையை இடித்துச் சாறு பிழியும் நேரந்தான். அந்த நேரத்தை இக்கருவி மூன்று நிமிடமாகக் குறைத்துவிடுகிறது. வல்லாரை, முடக்கொத்தான், முசுட்டை என்று வீட்டில் உள்ளவற்றைத் தண்டு நீக்கி, மூன்று முறை நீர் மாற்றிக் கழுவி, அரைக் கிளாஸ் நீருடன் அடித்து, துணியில் பிழிந்துகொள்ளுங்கள். முடக்கொத்தானில் தும்பு கூடுதலாக இருப்பதால், கத்தியால் சிறிதாக அரிந்து போடுவது நல்லது. அரிசி வெந்து கஞ்சியான பிறகு சாற்றையும் தேங்காய்ப்பாலையும் ஊற்றி, ஒரு கொதி வந்ததும் இறக்கினால் பச்சை நிறமும் மணமும் நிற்கும். நேரம் எஞ்சியிருந்தால் தேங்காய்ப்பாலையும் அதே ஜக்கில் எடுக்கலாம். தேங்காய்ப்பூவுடன் இளஞ்சூடான நீர் ஊற்றி அரை நிமிடம் அடித்தால், கையாற் பிழிவதைவிடத் தடிப்பான முதற்பால் வரும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். வெந்த கஞ்சியைச் சூட்டோடு ஜக்கில் ஊற்றி அடிக்காதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு, காய்ச்சலில் இருந்த பிள்ளைக்குக் கஞ்சியை மையாகக் கொடுக்கும் அவசரத்தில் முக்கால் ஜக் கொதிகஞ்சியை ஊற்றி ஆளியைத் தட்டினேன். கத்தி சுழன்றதும் கஞ்சியிலிருந்து நீராவி ஒரே நேரத்தில் கிளம்பி, மூடியைத் தூக்கி எறிந்தது. முன்கை வெந்து, தழும்பு மறைய ஒரு வருடம் சென்றது. கை வைத்தால் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். மூடியின் நடுவில் உள்ள சிறு அடைப்பைக் கழற்றி, அதன்மேல் மடித்த துணியை இலேசாக வைத்து, குறைந்த வேகத்தில் தொடங்குங்கள்.

கிணற்றுத் தண்ணீரையும் கடை ஐஸையும் அப்படியே சேர்க்கலாமா?

கூடாது. சமைக்கும் உணவில் கிருமி இருந்தால் அடுப்பின் சூடு அதைக் கொல்லும். பிளெண்டரில் அடிக்கும் பானத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நீரில் என்ன இருந்ததோ அது அப்படியே வயிற்றுக்குள் போகும். நமது குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் தேங்கியிருப்பது. மேலே உள்ள மலசலகூடக் குழியின் கசிவு கிணற்றை எட்டுவதற்கு அந்த வெடிப்புகள் எளிதாக வழிவிடும். நெருப்புக் காய்ச்சலும் செங்கண்மாரியும் இங்கே பழைய கதைகளல்ல. நீரைக் குமிழி விட்டுக் கொதிக்கும்வரை கொதிக்கவைத்து, மூடி ஆறவைத்து, அந்த நீரிலேயே ஐஸும் செய்துகொள்ளுங்கள். உறைந்த நிலையில் கிருமிகள் எல்லாம் சாவதில்லை. பல, உருகியதும் மீண்டும் வேலையைத் தொடங்கிவிடும். மீன் பெட்டிக்கென்று உடைத்து விற்கும் ஐஸை எந்தப் பானத்திலும் போடவே கூடாது.

கொதிக்கவைப்பதால் உரத்திலிருந்து நீரில் இறங்கும் நைத்திரேற்று நீங்காது என்பதையும், நீர் வற்றும்போது அது செறிவடையும் என்பதையும் போத்தற்பால் குடிக்கும் கைக்குழந்தைகள் உள்ள வீட்டார் நினைவில் வைத்திருக்கவேண்டும். தோட்டக் காணிகளுக்கு நடுவில் கிணறு உள்ளவர்கள் ஒரு முறையாவது நீரைப் பரிசோதிப்பது நல்லது.

எவ்வளவு சீனி போடலாம்? வடித்துக் குடிப்பதா, வடிக்காமல் குடிப்பதா?

வடிக்காமல் குடியுங்கள். பழத்தை மென்று தின்னும்போது கிடைக்கும் நார் பிளெண்டரில் பொடியாகிறதே தவிர, காணாமற் போவதில்லை. அதை வடியில் தேக்கி எறிந்துவிட்டால் எஞ்சுவது நிறமும் இனிப்பும் உள்ள நீர் மட்டுமே. சீனியைப் பொறுத்தவரை, உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலில், சேர்க்கும் சீனியும் பழச்சாற்றில் உள்ள சீனியும் தேனும் சேர்ந்து ஒருவர் பெறும் மொத்தச் சக்தியில் 10 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்றும், 5 சதவீதத்துக்குள் குறைந்தால் இன்னும் நன்மை என்றும் கூறுகிறது. நாளொன்றுக்கு 2000 கலோரி பெறும் ஒருவருக்கு 10 சதவீதம் என்பது 50 கிராம், அதாவது ஏறத்தாழ 12 தேக்கரண்டி. நாலு தேநீரும் ஒரு துண்டு கேக்கும் சேர்ந்தாலே அந்த எல்லை நெருங்கிவிடும். ரின்பாலில் பாதிக்கு மேல் சீனி இருப்பதை அறியாமல், ஒரு ஜக் பானத்துக்கு அரை ரின் ஊற்றுவோர் பலர். பனங்கட்டி நமது மண்ணின் பொருள், அதன் மணத்துக்கு ஈடில்லை. ஆயினும் கணக்கில் அதுவும் சீனிதான்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று வாழைப்பழத்தை யாரும் ஒரே இருப்பில் தின்பதில்லை. அடித்துத் தந்தால் இரண்டு நிமிடத்தில் குடித்துவிடுவோம். ஆகவே ஒரு நேரத்தில் நீங்கள் தின்னக்கூடிய பழத்தின் அளவையே ஜக்கிலும் போடுங்கள்.

சுரைக்காய்ச் சாறு, காமரங்காச் சாறு போன்றவை நோயைத் தீர்க்கும் என்கிறார்களே?

இவ்விடயத்தில் மிகுந்த கவலையோடு எழுதுகிறேன். சுரைக்காய் சில வேளைகளில் கடுங்கசப்பாக இருக்கும். அந்தக் கசப்பு குக்குர்பிற்றசின் என்ற நச்சுப்பொருளின் அடையாளம். கசந்த சுரைக்காயின் பச்சைச் சாற்றைக் குடித்தவர்கள் இரத்த வாந்தி எடுத்ததும் சிலர் இறந்ததும் இந்தியாவில் பதிவாகி, இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் அதனை ஆராயக் குழு அமைத்தது. ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுக்காயையும் எறிந்துவிடுங்கள். காமரங்கா, பிலிம்பி ஆகியவற்றில் ஒக்சாலிக் அமிலம் அதிகம். சீனி வியாதிக்கும் கொழுப்புக்கும் நல்லதென்று நம்பி அவற்றின் சாற்றை வெறும் வயிற்றில் கிளாஸ் கணக்கில் குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்த சம்பவங்களை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சம்பலில் ஒரு துண்டு சேர்வதற்கும், பத்துக் காயை அடித்துச் சாறாகக் குடிப்பதற்கும் இடையில் பெரிய வேறுபாடு உண்டு. பிளெண்டர் அந்த வேறுபாட்டை மறக்கச் செய்கிறது. சிறுநீரக நோய் உள்ளவர்கள் இவற்றைத் தொடவே வேண்டாம்.

கைக்குழந்தைக்கு அடித்துக் கொடுக்கலாமா?

முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே. அதன் பிறகு பழத்தைக் கரண்டியால் மசித்து ஊட்டுவதே நல்லது. பிள்ளை மெல்லப் பழகவேண்டும். ஒரு வயது நிறையும்வரை பழச்சாறும் வேண்டாம், தேனும் வேண்டாம்.

அடித்த பானத்தை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம்?

நமது வெயிலில் வெளியே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கவேண்டாம். குளிர்சாதனப் பெட்டியில் 5 பாகை செல்சியஸுக்குக் கீழே, மூடிய போத்தலில், அன்றைய நாளுக்குள் முடித்துவிடுங்கள். உயிர்ச்சத்து சியும் மணமும் நேரம் செல்லச் செல்லக் குறையும். மின்சாரம் நீண்ட நேரம் நின்றால் கணக்கு மாறிவிடும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை மின்வெட்டு இருந்தபோது, உறையவைத்த பழங்கள் எல்லாம் உருகிப் புளித்ததை நாம் கண்டோம். உருகிப் புளித்த பழத்தை மீண்டும் உறையவைத்துப் பானத்துக்கு எடுக்கக்கூடாது. 1990களில் குடாநாட்டில் மின்சாரமே இல்லாத ஆண்டுகளில் வளர்ந்தவர்கள் அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றே கரைத்துக் குடித்தார்கள். பானத்தைப் பொறுத்தவரை அதுவே இன்றைக்கும் நல்ல பழக்கம்.

எப்படிக் கழுவுவது? கண்ணாடி ஜக்கில் வெள்ளைப் படை படிகிறதே?

குடித்து முடிக்குமுன் ஜக்கைக் கழுவிவிடுங்கள். அரை ஜக் இளஞ்சூட்டு நீரும் ஒரு துளி சவர்க்கார நீரும் விட்டு அரை நிமிடம் ஓடவிட்டால் கத்தி தானாகவே சுத்தமாகும். கழற்றக்கூடிய கத்தியாயின் வாரத்துக்கு இரு முறையாவது கழற்றி, அதன் கீழுள்ள ரப்பர் வாசரையும் எடுத்துத் தேய்க்கவேண்டும். கறுப்புப் பூஞ்சணம் முதலில் பிடிப்பது அங்கேதான். மோட்டர் உள்ள அடிப்பகுதியை நீரில் அமிழ்த்தாமல், ஈரத்துணியால் துடைத்தால் போதும். எல்லாவற்றையும் தலைகீழாகக் காயவிட்டு, மூடியை மூடாமல் வையுங்கள்.

வெள்ளைப் படை அழுக்கன்று. சுண்ணாம்புக் கல்லின் ஊடாக வந்த நமது நீரிலுள்ள கல்சியம் காபனேற்று. சவர்க்காரத்துக்கு அது அசையாது, புளிக்குக் கரையும். ஒரு தேசிக்காயின் புளியையோ கால் கிளாஸ் வினாகிரியையோ நீருடன் ஊற்றி அரை மணித்தியாலம் ஊறவிட்டால் ஜக் மீண்டும் தெளியும்.

திடீரென்று நின்றுவிட்டது, கருகிய மணம் வருகிறது. எறிந்துவிடவேண்டுமா?

அவசரப்படவேண்டாம். புதிய கருவியில் முதல் சில தடவைகள் இலேசான மணம் வருவது இயல்பு. மோட்டரின் கம்பிச் சுருளில் பூசிய வார்னிஷ் சூடேறுவதால் அது வருகிறது. பழைய கருவி நின்றுவிட்டால் செருகியைக் கழற்றி, அடிப்பகுதியைத் திருப்பிப் பாருங்கள். பல கருவிகளில் ஒரு சிறிய சிவப்புப் பொத்தான் இருக்கும்; பாரம் கூடும்போது மோட்டரைக் காப்பாற்ற அது வெளியே தள்ளிக்கொள்ளும். அரை மணித்தியாலம் ஆறவிட்டு, அதை உள்ளே அமுக்கி, ஜக்கில் உள்ளதைப் பாதியாகக் குறைத்து மீண்டும் ஓடவிட்டால் பெரும்பாலும் ஓடும்.

மோட்டர் சுற்றும் ஒலி கேட்டும் கத்தி சுற்றவில்லை என்றால், ஜக்கையும் மோட்டரையும் இணைக்கும் பற்சில்லு தேய்ந்திருக்கிறது. அது மலிவான உதிரிப்பாகம், யாழ்ப்பாண நகரத்து மின்சாதனக் கடைகளில் மாதிரியைக் காட்டி வாங்கலாம். மோட்டரின் காற்றுத் துளைகளுக்குள் நீலப் பொறி அதிகமாகப் பறந்து, வேகமும் குறைந்துவந்தால் காபன் பிரஷ் தேய்ந்துவிட்டது என்று பொருள். அதையும் திருத்துநர் சிறிது நேரத்தில் மாற்றித் தருவார். உடம்பைத் தொட்டால் மின் அதிர்வு தெரிகிறது, வயர் வெடித்திருக்கிறது, அல்லது அடியிலிருந்து நீர் மோட்டருக்குள் கசிகிறது என்றால் மட்டும் திருத்தும்வரை அதைச் செருகவே வேண்டாம். சீமெந்து நிலத்தில் வெறுங்காலோடும் ஈரக்கையோடும் நின்று வேலை செய்யும் நமது சமையலறைகளில் அத்தகைய கருவி உயிருக்கே ஆபத்தானது.